‘டர்போ போச்சு’ என்று சொல்லிவிட்டார்கள்: மாற்றுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான். 2014 மாடல் டீசல் கார், 1.3 லிட்டர், 90 குதிரைத்திறன் எஞ்சின், 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது பாதி வழியில் இழுவை போய்விடுகிறது, பின்னால் கரும்புகை வருகிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது. ஓரங்கட்டி நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் பழையபடி ஓடுகிறது. ஸ்கேனரில் பி0299 என்ற குறியீடு வந்தது. ‘டர்போ போச்சு, மாத்தணும்’ என்று மெக்கானிக் பெரிய தொகை ஒன்றைச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. தண்டு உடைந்த டர்போவோ இறக்கை தேய்ந்த டர்போவோ, சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் குணமாகிவிடாது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியூ, தான் கேட்ட காற்றழுத்தத்தையும் உண்மையில் வந்த அழுத்தத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வித்தியாசம் சில விநாடிகளுக்கு நீடித்தால் குறியீட்டைப் பதிந்து, டீசலைக் குறைத்து, காரைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோய்விடும். இதைத்தான் லிம்ப் மோட் என்கிறோம். எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது இன்னொரு முறை முயன்று பார்க்கிறது. ஆக உங்கள் டர்போ கொஞ்ச நேரமாவது வேலை செய்கிறது, குறிப்பிட்ட ஒரு சூழலில் மட்டும் அழுத்தம் தராமல் போகிறது. பி0299 சொல்வதும் அவ்வளவுதான்: வரவேண்டிய அழுத்தம் வரவில்லை. யாரால் வரவில்லை என்பதை அது சொல்லாது.

மலை ஏறும்போது மட்டும் இது வருவதற்கும் காரணம் உண்டு. சேலத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 98 கிலோபாஸ்கல். ஏற்காட்டின் உயரம் ஏறக்குறைய 1500 மீட்டர், அங்கே அது 85 அளவுக்கு இறங்கிவிடும். மெலிந்த காற்றை உறிஞ்சி அதே அழுத்தத்துக்குக் கொண்டுவர டர்போ கூடுதலாக உழைக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஆர்பிஎம் குறைவு, பாரம் அதிகம். சமதளத்தில் தெரியாத சின்னக் கசிவும், லேசாக இறுகிய பாகமும் இங்கேதான் வெளியே தெரியும்.

டர்போவின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்தியதில் சூடான காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து எஞ்சினுக்குள் போகிறது. சின்ன டர்போக்களில் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலும். பெரும்பாலான கார் டர்போக்களில் அந்தத் தண்டு பால் பேரிங்கில் நிற்பதில்லை, எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. அதனால் ஆயில் விஷயம் டர்போவின் உயிர் விஷயம். இந்த 1.3 எஞ்சினின் 75 குதிரைத்திறன் வகையில் இருப்பது வேஸ்ட்கேட், அதாவது அதிகப் புகையைச் சக்கரத்தைத் தொடாமல் வெளியே விடும் கதவு, வைத்த சாதாரண டர்போ. உங்களுடைய 90 குதிரைத்திறன் வகையில் விஜிடி இருக்கிறது, அதாவது புகை வரும் வழியைக் குறுக்கியும் அகட்டியும் கொடுக்கும் சின்னத் தகடுகள் உள்ளே சுற்றிலும் உண்டு. அவற்றை ஒரு கம்பி வழியாக ஆக்சுவேட்டர் அசைக்கிறது.

இனி சோதனைக்கு வருவோம். செலவில்லாததில் தொடங்கி மேலே போகலாம்.

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் அடைத்திருந்தால் இழுவை குறையும், கூடவே டர்போவின் வாயருகே காற்றழுத்தம் தாழ்ந்து, ஆயிலை உள்ளே இழுக்கவும் செய்யும். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் அடுத்தது ஹோஸ்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கும் போகும் தடித்த ரப்பர் குழாய்களைக் கையால் வளைத்து, அடிப்பக்கத்தையும் மடிப்புகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் குழாய் நன்றாக இருப்பது போலவே தோன்றும். அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் பிளக்கும் கீறல் ஐடிலில் மூடியே கிடக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது ஆயில் கறை. குழாயின் ஒரே ஒரு இடத்தில் ஈரமாக, அதன்மேல் கறுப்பாகப் புழுதி படிந்திருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது. கிளாம்ப் இருக்கும் இடங்களில் இப்படி அடிக்கடி வரும். குழாய்க்குள் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்புதான், அதைக் காட்டி ‘டர்போ ஆயில் விடுது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழாயைக் கவிழ்த்தால் ஆயில் ஊற்றும் அளவுக்கு இருந்தால்தான் கவலை.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நல்ல வழி உண்டு. டர்போவிலிருந்து காற்று வெளியேறும் வாயில் இருக்கும் குழாயைக் கழற்றி, அளவான அடைப்பு ஒன்று செய்து, அதன் வழியே கம்ப்ரசரிலிருந்து ரெகுலேட்டர் வைத்து ஒரு பார் (100 கிலோபாஸ்கல்) அழுத்தத்துக்கு மேல் போகாமல் காற்று கொடுக்க வேண்டும். எஞ்சின் பக்க முனையையும் கழற்றி அடைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காற்று வால்வு வழியாக உள்ளே போய்க் கணக்கைக் குழப்பும். பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதைப் போன்ற வேலைதான். இன்டர்கூலரின் ஓரங்களில், அதாவது பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் இடத்தில், மறக்காமல் தெளிக்கச் சொல்லுங்கள். பம்பருக்குப் பின்னால் இருப்பதால் கல் அடிபட்டு அங்கே கசிவது சகஜம்.

கரும்புகையை வைத்தும் ஓரளவு திசை கண்டுபிடிக்கலாம். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், உள்ளே வரும் காற்றை அளந்து இசியூவுக்குச் சொல்கிறது. அந்த அளவை வைத்தே எவ்வளவு டீசல் வரை அனுமதிக்கலாம் என்று முடிவாகிறது. சென்சாருக்குப் பின்னால், டர்போவைத் தாண்டிய குழாயில் ஓட்டை இருந்தால், அளந்த காற்றில் ஒரு பங்கு வெளியே போய்விடும். டீசலோ முழுக் கணக்குக்கு வரும். அந்தக் கூடுதல் டீசல்தான் கரும்புகை. தகடுகள் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் காற்று வருவதே குறைவு, சென்சாரும் குறைவாகச் சொல்லும், இசியூவும் டீசலைக் குறைக்கும். அப்போது கார் சோம்பேறியாகும், ஆனால் புகை அவ்வளவாக இருக்காது. இதை அசையாத விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் ‘இழுவை இல்லை, கரும்புகை உண்டு’ என்றால் நான் முதலில் கசிவையும், அடுத்து இஜிஆர் வால்வையும், அதாவது எரிந்த புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வையும், சந்தேகிப்பேன். இஜிஆர் திறந்தபடி சிக்கினால் எரிந்த புகையே எஞ்சினுக்குள் திரும்பிவந்து நல்ல காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அறிகுறிகள் டர்போ கெட்டதைப் போலவே இருக்கும். நகருக்குள் மெதுவாக ஓடும் டீசல் கார்களில் இது மிகச் சாதாரணம். இழுவை குறைந்து புகையே இல்லை என்றால் டீசல் ஃபில்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எரிபொருள் அழுத்தம் குறைவு என்று பி0087 வந்தால் அது டர்போவின் கதையே கிடையாது.

ஸ்கேனர் என்றதும் குறியீட்டைப் படித்து, அழித்து, பில் போடுவது வழக்கமாகிவிட்டது. அதன் உண்மையான பயன் ஓடும்போது காட்டும் அளவுகளில்தான் இருக்கிறது. சாவியை ஆன் செய்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மேனிஃபோல்ட் அழுத்தத்தை, அதாவது எஞ்சினுக்குள் காற்று நுழையும் இடத்தின் அழுத்தத்தை, பாருங்கள். சேலத்தில் 98க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அந்த நேரத்திலேயே 85 அல்லது 110 என்று காட்டினால் அழுத்த சென்சார் பொய் சொல்கிறது. பல நேரம் அதன் முனையில் கரி அப்பியிருக்கும், கழற்றித் துடைத்தாலே சரியாகிவிடும். அப்புறம் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் எண்களைக் கவனிக்க, ஆளில்லாத ஏற்றச் சாலையில் மூன்றாம் கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழு அக்சிலரேட்டர் கொடுத்து 3000 வரை போக வேண்டும். கேட்ட அழுத்தம், வந்த அழுத்தம் இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே ஏற வேண்டும். இந்த மாதிரி டீசல்களில் முழு மிதியில் 200 கிலோபாஸ்கலுக்கு மேல் போவது இயல்பு. ஒரு விஷயம் கவனியுங்கள்: கைபேசியோடு இணைக்கும் மலிவான ஓபிடி (காரின் சோதனை சாக்கெட்டில் செருகும்) கருவிகளில் பொதுவான அழுத்த அளவு 255க்கு மேல் காட்டாது. அந்த அளவுக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். 255இல் போய் நின்றுவிட்டால் அது டர்போவின் வரம்பு என்று நினைத்துவிடக் கூடாது. கேட்ட அழுத்தம், வந்த அழுத்தம் இரண்டின் கோடுகளையும் சேர்த்துப் பார்க்க அந்த நிறுவன கார்களுக்கான ஸ்கேனர் தேவைப்படும்.

கோடுகள் பிரியும் விதத்திலிருந்து நிறையத் தெரியும். கீழ் ஆர்பிஎம்மிலிருந்தே அழுத்தம் மந்தமாக ஏறி கடைசிவரை எட்டவே இல்லையென்றால் கசிவு, வேக்வம் (ஆக்சுவேட்டரை இழுக்கும் வெற்றிடம்) குறைவு, அல்லது தகடு திறந்தே நிற்கிறது. நன்றாக ஏறி, கேட்டதைத் தாண்டிப் பாய்ந்து, அதன்பின் லிம்ப் மோட் வந்தால் தகடுகள் மூடிய பக்கம் இறுகியிருக்கின்றன. அப்போது குறியீடு பெரும்பாலும் பி0234, அதிக அழுத்தம் என்று வரும். பி0299 உடன் பி0045 சேர்ந்து வந்தால் ஆக்சுவேட்டரைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டின் (மின்சார வால்வு) வயரிங்கில் தொடங்குங்கள், பி0101 என்றால் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் தொடங்குங்கள். குறியீடுகளை அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இது.

அடுத்து வேக்வம். ஆக்சுவேட்டர் வேக்வத்தில் இயங்கும் வகை என்றால், வேக்வம் இழுக்கும்போதுதான் தகடுகள் மூடி அழுத்தம் கூடும். வேக்வம் வரவில்லையென்றால் தகடுகள் திறந்து, டர்போ சும்மா சுற்றும். இந்த வேக்வத்தைக் கொண்டுபோவது பென்சில் தடிமன்கூட இல்லாத ரப்பர் குழாய்கள். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் வெடித்துவிடும், நிறுத்திவைத்த காரில் எலி கடித்துவிடும். சில நூறு ரூபாய் வேலை. எளிய சோதனை ஒன்று: ஆக்சுவேட்டர் கம்பியைப் பார்த்தபடி நின்று, வேறொருவரை எஞ்சின் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வேக்வம் வகைகள் பலவற்றில் ஸ்டார்ட் செய்ததும் கம்பி ஒரு முறை இழுபட வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். அசையவே இல்லையென்றால் குழாயைக் கழற்றிவிட்டு ஆக்சுவேட்டரில் நேராகக் கை வேக்வம் பம்பை மாட்டிப் பாருங்கள். பம்பால் இழுத்தால் கம்பி தடங்கல் இல்லாமல் நகர்ந்து, பிடித்த இடத்தில் நிற்க வேண்டும். பம்பின் அளவுமானி முள் மெல்ல இறங்கினால் ஆக்சுவேட்டரின் உள் சவ்வு கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது, ஆனால் கம்பி விட்டுவிட்டு நகர்கிறது என்றால் தகடுகள் கரியால் இறுகியிருக்கின்றன. பம்பில் எல்லாம் சரியாக இருந்தால் குற்றம் குழாயிலோ சோலனாய்டிலோ. பிரேக் மிதியும் சமீபத்தில் கெட்டியாகியிருந்தால் எஞ்சினின் வேக்வம் பம்ப்பே பலவீனமாக இருக்கலாம், ஏனென்றால் பிரேக் பூஸ்டருக்கும் வேக்வம் அங்கிருந்துதான் போகிறது. அப்படியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

கரியால் தகடு இறுகியிருந்தால் டர்போவைக் கழற்றி, புகைப் பக்க உறையைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டலாம். பொறுமையும் நல்ல கையும் வேண்டிய வேலை. கழற்றாமலே உள்ளே ரசாயனத்தை அடித்து ஊறவைக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுப்புக்கரி நீக்கும் காரத் திரவங்கள் அலுமினியத்தைத் தின்னும். கரைந்த கரியும் எங்கே போய் உட்காரும் என்பது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் டர்போவின் மேல் கை வைக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியபின், அணைத்த நிலையில், காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றிச் சக்கரத்தின் நடு நட்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். குழாய் கழன்றிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு விரலையோ துணியையோ அருகில் கொண்டுபோகவே கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, ஆயில் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டில் தள்ளிச் சுழற்றும்போது இறக்கை உறையில் உரசினாலோ, உறையில் உரசிய பளபளப்பு தெரிந்தாலோ டர்போ முடிந்தது. போலீஸ் சைரனைப் போல ஏறி இறங்கும் ஊளைச் சத்தமும் அதற்கு அறிகுறி. மெல்லிய விசில் சத்தம் எல்லா டர்போவிலும் உண்டு. முழு மிதியில் மட்டும் ‘உஸ்ஸ்’ என்று காற்று சீறினால் அது மறுபடியும் ஹோஸ் கதைதான்.

நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. சிக்னலில் சில நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மேகமாக வந்தால் டர்போ மேல் சந்தேகம் வரும். ஆனால் இங்கேயும் அவசரம் கூடாது. டர்போவின் ஆயில் சீல்கள் பிஸ்டன் ரிங் மாதிரியான உலோக வளையங்கள். அவை ரப்பர் சீல் போல இறுக்கி அடைப்பவை கிடையாது, இருபக்க அழுத்த வித்தியாசத்தை நம்பியே ஆயிலைத் தடுக்கின்றன. எஞ்சினின் பிரீதர் (உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் வழி) அடைத்து உள்ளே அழுத்தம் ஏறினாலோ, டர்போவிலிருந்து ஆயில் கீழே வடியும் குழாய் நசுங்கினாலோ, ஆயில் போக்கிடம் இல்லாமல் சீலைத் தாண்டி வரும். பிஎஸ்6 கார்களில் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி அடைத்தாலும் இதே கூத்துதான். புது டர்போ மாட்டினாலும் அதுவும் ஆயில் விடும், மெக்கானிக் ‘பீஸ் சரியில்லை’ என்பார்.

டர்போ உண்மையிலேயே செத்திருந்தால், அதைக் கொன்றது எது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். பழைய டர்போவைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தண்டு நீலமோ கறுப்போ பாய்ந்திருந்தால் ஆயில் போதவில்லை. பேரிங்கில் நெடுகக் கீறல்கள் இருந்தால் அழுக்கு ஆயில். காற்றுப் பக்க இறக்கையின் முனைகள் மழுங்கியிருந்தால் ஃபில்டரைத் தாண்டி தூசி வந்திருக்கிறது. கடித்து எடுத்தது போல் பள்ளம் இருந்தால் ஏதோ ஒரு பொருள் உள்ளே விழுந்திருக்கிறது. ஐரோப்பாவில் பெஜோ, சிட்ரோயன், ஃபோர்ட் கார்களில் வந்த 1.6 லிட்டர் டீசல் இதற்கு நல்ல உதாரணம். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் வாஷர் கசிந்து, கரி ஆயிலில் கலந்து, டர்போவுக்கு ஆயில் கொடுக்கும் போல்ட்டுக்குள் இருந்த சின்ன வலையை அடைத்துவிடும். டர்போவை மட்டும் மாற்றியவர்களுக்கு இரண்டாவது டர்போவும் சீக்கிரமே போனது. வாஷர், ஆயில் குழாய், சம்ப்புக்குள் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலை எல்லாவற்றையும் பார்த்தவர்களுக்குத்தான் பிரச்சினை நின்றது.

எனவே மாற்றும் நிலை வந்தால் ஆயில் கொடுக்கும் குழாய் புதிதாக இருக்கட்டும். ஆயிலும் ஃபில்டரும் அன்றே மாற வேண்டும். இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய ஆயிலையும் இறக்கைத் துண்டுகளையும் கழுவி எடுக்க வேண்டும், இல்லையென்றால் அதெல்லாம் எஞ்சினுக்குள் போகும். ஆயில் வழிகளில் கேஸ்கட்டுக்குப் பதிலாகவோ கேஸ்கட்டோடு சேர்த்தோ சிலிக்கான் பேஸ்ட் போட விடாதீர்கள், பிதுங்கிய துளி ஒன்று வழியை அடைத்தால் போதும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றி, எஞ்சின் பிடிக்காதபடி இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டுச் சில விநாடி கிராங்க் செய்து, பிறகுதான் ஓடவிட வேண்டும். விஜிடி டர்போவுக்கு உள்ளே இருக்கும் ‘கோர்’, அதாவது தண்டும் சக்கரங்களும் பேரிங்கும் சேர்ந்த நடுப்பகுதியை மட்டும் மாற்றும் ரீகண்டிஷன் மலிவுதான், ஆனால் தகடுகள் எதுவரை மூடி நிற்க வேண்டும் என்பதை ஃப்ளோ பெஞ்ச் என்ற காற்றோட்டம் அளக்கும் கருவியில் வைத்து அளந்து பூட்டும் கடையாக இருக்க வேண்டும். கண் அளவில் திருகி அனுப்பினால் பி0299 போய் பி0234 வரும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். டர்போ வழியாக ஆயில் நிறைய உள்ளே போனால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வெறிபிடித்து ஓடத் தொடங்கலாம். சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி நடந்தால் பிரேக்கை முழுமையாக மிதித்து, கை பிரேக்கையும் இழுத்து, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை அமர்த்த வேண்டும். முடியவில்லையென்றால் ஆட்களோடு விலகிவிடுங்கள். நீலப்புகையும் ஆயில் குறைவும் சேர்ந்து இருக்கும் காரை ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று ஓட்டக் கூடாது.

உங்கள் காரில் நீலப்புகையோ ஊளைச் சத்தமோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, கரும்புகை வருகிறது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் இன்டர்கூலர் ஹோஸ், இரண்டாவது இஜிஆர், மூன்றாவது வேக்வம் குழாயும் இறுகிய தகடும். சோப்புத் தண்ணீர் சோதனையும் கை பம்ப் சோதனையும் ஒரே காலையில் முடிந்துவிடும். இப்போதைய மெக்கானிக் அவற்றைச் செய்ய மறுத்தால் செய்யத் தயாராக இருக்கும் இன்னொருவரிடம் போங்கள். மூன்றாம் கியர் ஓட்டத்தில் கேட்ட அழுத்தம், வந்த அழுத்தம், அப்போதைய ஆர்பிஎம் இந்த மூன்றையும் குறித்து வாங்கிக்கொண்ட பிறகு டர்போவுக்கு விலை பேசலாம்.